பழைய பெட்ரோல் வண்டியில் தீப்பொறி அமைப்பும் எரிபொருள் சிக்கனமும்

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, நாடெங்கும் களப்பணியாளர்க்கு நெடுநாள் ஊர்தியாக விளங்கியது பெட்ரோல் ஜீப் ஆகும். வில்லிஸ் நிறுவனத்தின் அமைப்பைத் தழுவி மகீந்திரா நிறுவனத்தார் ஆக்கிய அந்த ஜீப்பிலும், எஃப்.சி. 150 என்னும் பிக்கப் வண்டியிலும் 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றே இருந்தது. அரசுத் துறைகளுக்கு உரிய, 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆயினும் தனியாரிடத்தும் தொழிற்பயிற்சி நிலையங்களின் பட்டறைகளிலும் இவ்வகை எஞ்சின்கள் இன்னும் இயங்கி வருகின்றன. பழைய பாயிண்டை அகற்றி எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கூடும் என்பது இவற்றை வைத்திருப்போர் வழக்கமாக வினவும் வினா. கடைக்காரர் கூறும் விடை பெரும்பாலும் மிகையானது. மெய்யான விடை, அவ்வண்டியில் இப்போது எவ்வளவு வீணாகிறது என்பதைப் பொறுத்தது.

தீப்பொறி எஞ்சினுக்கு ஆற்றலைத் தருவதன்று என்பதை முதற்கண் மனத்திற் கொள்ள வேண்டும். பொறி ஒன்றின் ஆற்றல் ஒரு ஜூலின் நூற்றில் சில பங்கே. முழு வேகத்தில் ஒரு சிலிண்டரினுள் ஒருமுறை எரியும் பெட்ரோலின் வெப்பமோ ஆயிரம் ஜூலுக்கும் மேற்பட்டது. அடுப்புக்குத் தீக்குச்சி எத்தகையதோ, எஞ்சினுக்குப் பொறியும் அத்தகையது. நன்றாகப் பற்றிக்கொண்ட அடுப்பில் பெரிய தீக்குச்சியைக் கிழிப்பதால் சோறு விரைவில் வெந்துவிடாது. ஆகவே, ஒவ்வொரு முறையும் பிழையின்றிப் பற்றவைக்கும் அமைப்பை எடுத்துவிட்டு, அதனினும் வலிய பொறியைத் தரும் அமைப்பை வைப்பதால் மிச்சமாகும் எரிபொருள் மிகச் சிறிது. இழப்பு நேர்வது இரண்டே வழிகளில்: பொறி தோன்றாது போதல், தோன்றினும் காலந்தவறித் தோன்றுதல்.

முதலாவதை எண்ணிக்கையால் விளக்கலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும்போது நிமிடத்துக்கு 4,000 பொறிகள் வேண்டும். இருபதில் ஒன்று தவறினால் 200 முறை உட்கொண்ட பெட்ரோல் எரியாமலே புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சின் குலுங்குவது வெளிப்படையாகத் தெரியாத நிலையிலும் இவ்வாறு நூற்றுக்கு ஐந்து பங்கு போய்விடக்கூடும். இதனைக் கண்டறியத் தனிக்கருவி தேவையில்லை. மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனைச் சான்றில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் என்னும் இரு அளவுகள் குறிக்கப்பெறும். முன்னது மிகுந்திருப்பின் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாக விடுகிறது என்பது பொருள். முன்னது அளவாக இருந்து பின்னது மட்டும் மிகுந்திருப்பின், எரியாத பெட்ரோல் வெளிவருகிறது எனக் கொண்டு பிளக்கையும் ஒயரையும் பாயிண்டையும் ஆராய வேண்டும். சான்றைப் பெற்றவுடன் மடித்து வைத்துவிடும் நம்மவர் வழக்கத்தால் இப்பயனுள்ள குறிப்பு வீணாகிறது.

காலந்தவறுதல் இதனினும் நுட்பமானது. பற்றிய தீ சிலிண்டர் முழுதும் பரவச் சிறிது நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்னும் வேகத்தில், ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துள் கிராங்க் தண்டு 18 பாகை திரும்பிவிடுகிறது. ஆதலின் பிஸ்டன் மேல்முனையை அடைவதற்கு முன்னரே பொறி விழுதல் வேண்டும். அவ்வாறு விழுந்தால்தான் பிஸ்டன் மேல்முனையைக் கடந்து ஏறத்தாழ 15 பாகை இறங்கும் தறுவாயில் அழுத்தம் உச்சத்தை எட்டித் தண்டை வலிந்து தள்ளும். இம்முற்படுதலை நூலோர் பலவாறு மொழிபெயர்த்துள்ளனர். பட்டறையில் வழங்குவது டைமிங் என்னும் சொல்லே. தொழிலாளர்க்கு விளங்காத சொல்லால் பயனில்லையாதலின் இக்கட்டுரையும் அதனையே கொள்கிறது. டைமிங் சரியான நிலையிலிருந்து சிறிது பிந்தினால் இழப்பும் சிறிதே. பிந்துதல் இருமடங்கானால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மிகவும் முந்தினாலோ எஞ்சினில் தட்டொலி எழும். அதனைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பிஸ்டனே உடையக்கூடும்.

பழைய அமைப்பின் குறை இங்கேதான் உள்ளது. சி.பி. பாயிண்டைத் திறக்கும் கட்டை, கேமின்மீது உராய்ந்து நாளடைவில் தேய்கிறது. தேயத்தேயப் பாயிண்ட் இடைவெளி குறைந்து டைமிங் பிந்துகிறது. ஓட்டுநர் இதனை உணர்வதில்லை. வண்டி சற்றே மந்தமாயிற்று என்று ஆக்ஸிலேட்டரை மேலும் அழுத்துவார். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தண்டு ஆடுவதால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வோர் இடைவெளி ஏற்பட்டு, ஒன்றுக்குச் சரியாக வைத்த டைமிங் மற்றொன்றுக்குப் பிழையாகிவிடும். இத்தகைய டிஸ்ட்ரிபியூட்டரில் புதுப் பாயிண்ட் போடுவது வீண்செலவு.

ஆகவே செலவு செய்யுமுன் உள்ளதைச் செப்பனிட வேண்டும். வால்வு இடைவெளி, சிலிண்டர் அமுக்கம், கார்புரேட்டர், பிடித்துக்கொள்ளும் பிரேக், டயர்க் காற்று ஆகியவை ஒழுங்காயுள்ளனவா என்று பார்த்துக்கொள்க. பின்னர்ப் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு அமைக்க வேண்டும். மேற்கூறிய வில்லிஸ் எஞ்சினுக்கு இது 0.5 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.75 மில்லிமீட்டர், நின்றோடும் வேகத்தில் டைமிங் மேல்முனைக்கு 5 பாகை முன்னர். பிற எஞ்சின்களுக்கு அவற்றின் கையேட்டையே நம்புக. இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறுமாதலால், இடைவெளியை முதலிலும் டைமிங்கை அடுத்தும் சரிசெய்க. இரவில் எஞ்சினை ஓடவிட்டு விளக்கை அணைத்துப் பார்த்தால், காப்பு வெடித்த ஒயரில் நீலநிறப் பொறிகள் மின்னுவது தெரியும். அவ்வேளையில் ஒயரைக் கையால் தொடலாகாது.

டிஸ்ட்ரிபியூட்டரினுள் இருக்கும் எடைகள் வேகம் கூடக்கூட டைமிங்கை முற்படுத்துவன. அவை துருப்பிடித்து இறுகினால் முற்படுதல் நிகழாது. டைமிங் லைட்டைப் புல்லியின் குறிமீது காட்டி வேகத்தை உயர்த்தினால், குறி நகர்வதையோ நகராது நிற்பதையோ மாணவர் அனைவரும் கண்ணாரக் காணலாம். ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த பாடக்கருவி கிடைப்பது அரிது. சில வண்டிகளில் வாக்குவம் மூலம் இயங்கும் மற்றோர் உறுப்பும் உண்டு. ஆக்ஸிலேட்டரைப் பாதியளவே மிதித்து ஓட்டுகையில் சிலிண்டருள் கலவை அடர்த்தி குறைந்திருப்பதால் தீ மெதுவாகப் பரவுகிறது. அந்நிலையில் டைமிங்கை மேலும் முற்படுத்துவது இதன் வேலை. நாள்தோறும் ஓடும் ஓட்டத்தில் சிக்கனத்தைக் காப்பது பெரும்பாலும் இவ்வுறுப்பே. இதன் சவ்வு கிழிந்தும் குழாய் கழன்றும் கிடக்கும் வண்டிகள் பல. பழைய ஜீப்பில் இது தொடக்கத்திலேயே இல்லை.

எலக்ட்ரானிக் அமைப்பில் பாயிண்டுக்கு மாறாகக் காந்தத்தை உணரும் கருவி ஒன்று காயிலின் மின்னோட்டத்தை நிறுத்துகிறது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1973ஆம் ஆண்டு மாடல் கார்கள் அனைத்திலும் இதனைப் பொருத்தியது. இதன் உண்மையான சிறப்பு பொறியின் வலிமையினும் நிலைபேறே. உராயும் கட்டை இல்லாமையால் இன்று வைத்த டைமிங் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியபின்னும் மாறாது. உகந்த காயிலும் சேர்ந்தால் பிளக் இடைவெளியைச் சிறிது அகற்றி, நீர்த்த கலவையையும் தவறாது பற்றவைக்கலாம்.

இந்நாளில் இது பொருட்படுத்தத் தக்கது. 2025ஆம் ஆண்டுக்குள் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு ஏறத்தாழ 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், உணர்கருவி ஏதுமற்ற கார்புரேட்டர் எஞ்சினில் கலவை முன்னினும் நீர்த்துப்போகிறது. நலிந்த பொறி அதனைப் பற்றவைக்கத் தவறும். மேலும் எத்தனாலின் வெப்ப அளவு லிட்டருக்குப் பெட்ரோலினும் மூன்றிலொரு பங்கு குறைவு. கலப்பெரிபொருளில் அக்குறைவு லிட்டருக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு ஆகும். இதனை எந்த இக்னிஷன் அமைப்பும் ஈடுசெய்ய இயலாது.

வாங்குமுன் மூன்று செய்திகளை நோக்குக. பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது ஒன்று. வண்டியின் உடலோடு இணைந்த முனை எது என்பது அடுத்தது. பழைய பிரித்தானிய அமைப்பு வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும், அதில் வழக்கமான கருவியை மாட்டினால் அக்கணமே கெடும். காயிலின் மின்தடை மூன்றாவது. குறைந்த தடையுள்ள காயிலைப் பழைய பாயிண்டோடு நேரே இணைத்துச் சில நாளிலேயே பாயிண்ட் கருகியதைப் பட்டறைகளில் காணலாம். கம்பி பல கொண்ட விந்தைப் பிளக்குகளையும், ஒயரில் கோக்கும் பெட்ரோல் மிச்சக் கருவிகளையும் விலக்குவதே நன்று.

பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் வண்டி மாதம் 1,000 கிலோமீட்டர் சென்றால் 125 லிட்டர் செலவாகும். பத்து விழுக்காடு முன்னேற்றம் கிடைப்பின் மாதம் 11 லிட்டர் மிச்சம். ஐந்து விழுக்காடாயின் 6 லிட்டர். கருவியின் விலையை இதனோடு ஒப்பிட்டு, எத்தனை மாதத்தில் ஈடாகும் என்று அறியலாம். மாதம் நூறு கிலோமீட்டரே ஓடும் வண்டிக்குப் புதுப் பாயிண்டும் கண்டன்சரும் போதுமானவை.

அளவீட்டிலும் கவனம் வேண்டும். ஒரே பங்கில் டாங்க் நிரம்ப ஊற்றி, ஒரே பாதையில், ஒரே சுமையுடன் ஓட்டி, மீண்டும் நிரப்பிய லிட்டரைக் குறித்துக்கொள்க. மாற்றத்துக்கு முன் மூன்று முறையும் பின் மூன்று முறையும் இவ்வாறு செய்து சராசரி காண்க. ஒருமுறை ஓட்டிக் கண்ட வேறுபாடு காற்றின் திசையாலும் ஓட்டுநரின் உற்சாகத்தாலும் நேர்ந்ததாகவும் இருக்கலாம்.