பைனாகுலருக்கு ட்ரைபாட் அடாப்டர்: கொள்முதலுக்கு முன் கவனிக்க வேண்டியவை

பைனாகுலர் விற்கும் கடைகளில் மிகச் சிறிய இடத்தை அடைத்துக்கொண்டு, மிகப் பெரிய தகராறைக் கிளப்பக்கூடிய சரக்கு ஒன்று உண்டென்றால் அது ட்ரைபாட் அடாப்டர்தான். கைக்கு அடக்கமான ஒரு துண்டு. ஆனால் பல ஆயிரம் ரூபாய், சில வேளைகளில் லட்சத்தையும் தாண்டும் பைனாகுலரின் முழு எடையையும் ஒரே ஒரு திருகில் தாங்கி நிற்பது அதுவே. அது கழன்றாலும் முறிந்தாலும் வாடிக்கையாளர் அடாப்டரின் விலையைத் திருப்பிக் கேட்டு வரமாட்டார். பைனாகுலரின் விலையைக் கேட்டு வருவார். ஆகவே, மொத்த வியாபாரி அனுப்பியதை அப்படியே அடுக்கி வைக்கும் சரக்கு அல்ல இது.

இதன் பெரிய சந்தை அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே மேற்கு மாநிலங்களின் வேட்டைக்காரர்கள் அலைந்து திரிவதைக் காட்டிலும் உட்கார்ந்து பார்ப்பதே அதிகம். அரிசோனாவின் மலைச் சரிவுகளில் 'கூஸ்' மான் என்றொரு சிறு மானினம் உண்டு. எலியட் கூஸ் (1842 - 1899) என்ற ராணுவ மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுவது. (அவர் பறவை ஆராய்ச்சியில் பேர் பெற்றவர் என்பது வேடிக்கையான பொருத்தம், காரணம் பின்னால் வருகிறது.) புதரோடு புதராக நிறம் கலந்து நிற்கும் அந்த மானைக் கண்டுபிடிக்க, விடியற்காலையிலேயே எதிர் மலையில் அமர்ந்து, 10×42 அல்லது 15×56 பைனாகுலரை ட்ரைபாடில் பூட்டி, சரிவைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து மணிக்கணக்கில் அலசுவார்கள். இதற்கு அவர்கள் 'கிளாஸிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கையில் பிடித்துப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். பைனாகுலர் காட்சியை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறதோ, கை நடுக்கத்தையும் அத்தனை மடங்கு பெரிதாக்குகிறது. 8 மடங்கு வரை பெரும்பாலோர் சமாளிப்பார்கள். 10 மடங்கில் சற்று நேரத்தில் கை ஓயும். 15 மடங்குள்ளதோ பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் எடை. கையில் பிடித்து எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. இதைக் கல்லாவின் முன்னாலேயே வாடிக்கையாளருக்குக் காட்டலாம். எதிர்க்கடைப் பெயர்ப் பலகையில் உள்ள சிறிய எழுத்தைக் கையில் பிடித்து ஒரு முறை, ட்ரைபாடில் பூட்டி ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். நாம் வேறெதுவும் பேச வேண்டியிருக்காது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்திருப்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். ஆகவே பெட்டியின் மேல் 'ஹன்டிங்' என்று அச்சாகி வந்தாலும், நம்மிடம் அதை வாங்குகிறவர் வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும் கோடியக்கரைக்கும் செல்கிற பறவை ஆர்வலர்தான். ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்று நீர்ப்பரப்பை நெடுநேரம் பார்க்கும் அவருக்கும், மலை உச்சியில் அமர்ந்திருக்கும் அரிசோனாக்காரருக்கும் தேவை ஒன்றே. கடைப் பலகையிலும் விளம்பரத்திலும் 'பறவை பார்க்க' என்றே எழுதுங்கள். அந்த வாடிக்கையாளர் நம் கடையைத் தேடி வருவதற்கும் அதுவே வழி.

இனி சரக்குக்கு வருவோம். அடாப்டர் கேட்டு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "பைனாகுலரைக் கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்பதுதான். பைனாகுலரின் இரு குழாய்களையும் இணைக்கும் நடுக் கீலின் முன்புறத்தில், பெரும்பாலும் கம்பெனி முத்திரை பொறித்த ஒரு சிறு மூடி இருக்கும். பல மாடல்களில் இதை இடப்புறம் திருகினால் கழன்று வரும். உள்ளே மரை தெரியும். இப்படி ஒரு மூடி இருப்பதே தெரியாமல் பல ஆண்டுகள் பைனாகுலர் வைத்திருப்பவர்கள் உண்டு. சிறிய மடக்கு வகைகள் பலவற்றிலும், விலையுயர்ந்த மாடல்கள் சிலவற்றிலும் இந்த மரையே கிடையாது. அவர்களிடம் திருகு வகை அடாப்டரைக் கட்டிக் கொடுத்து அனுப்பினால் மறுநாளே திரும்பி வந்து நிற்பார்கள்.

மரையின் அளவு பெரும்பாலும் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. கேமராவின் அடியில் இருப்பதும் இதே அளவுதான். இங்கே ஓர் எச்சரிக்கை. அடாப்டரின் திருகு தொலைந்துபோனால் பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைத்ததைப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. எம்-6 போல்ட்டின் விட்டம் 6 மில்லிமீட்டர். கால் அங்குலம் என்பது 6.35. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் எம்-6 சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் ஏறும். கால் அங்குலத் திருகு 1.27 ஏறும். முதல் சுற்று போவது போலப் போய், பிறகு மரையைக் கடித்துவிடும். விட்வொர்த் என்று நம் கடைகளில் கிடைக்கும் கால் அங்குலத்துக்கும் 20 சுற்றுதான் என்றாலும் அதன் மரைக் கோணம் 55 பாகை. இதற்கு வேண்டியது 60. ஏறுகிறதே என்று அதையும் போடக்கூடாது. போல்ட்டின் விலை சில ரூபாய். கீலின் மரை போனால் பைனாகுலரைக் கம்பெனிக்கே அனுப்ப வேண்டியிருக்கும்.

மரை பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதிகமான சரக்கு திரும்பி வருவது வேறொரு காரணத்தால். அதுதான் இடைவெளி.

பழைய பாணி, தோள் அகன்ற போரோ பட்டக பைனாகுலரில் முன் லென்ஸ்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் எந்த அடாப்டரும் நடுவில் தாராளமாக நிற்கும். இப்போது அதிகம் விற்கும் நேர்க்குழாய் வகை அப்படியல்ல. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளரின் இரு கண்மணிகளுக்கும் நடுவே 64 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 42 மி.மீ. லென்ஸ் உள்ள குழாயின் வெளிப்புறக் கனம் ரப்பருடன் 50 மி.மீ. என்றால், இரு குழாய்களுக்கும் நடுவே மிஞ்சுவது 14 மி.மீ. அதே ஆளுக்கு 60 மி.மீ. கனமுள்ள பெரிய குழாய் என்றால் மிஞ்சுவது 4 மி.மீ.தான்! கண்கள் சற்று நெருங்கியவர்களுக்கு இதுவும் குறையும். இந்த இடுக்கில் தடித்த தண்டுள்ள அடாப்டரைச் செருகினால் குழாய்கள் இரண்டும் அதில் முட்டி நிற்கும்; பைனாகுலரைக் கண்ணுக்கு ஏற்ற அளவுக்கு மடக்க முடியாது. இரண்டு வட்டமாகத் தெரிகிறது, கண் வலிக்கிறது என்று வாடிக்கையாளர் பைனாகுலரின் மேல் பழி போடுவார். எனவே அடாப்டரைப் பூட்டிய பிறகு, வாங்குகிறவரையே பைனாகுலரை மடக்கித் தம் கண்ணுக்குச் சரிசெய்து பார்க்கச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் மற்றவர்களும் பயன்படுத்துவார்கள் என்றால், யாருடைய கண்கள் மிக நெருங்கியவையோ அவருக்குப் பொருந்த வேண்டும்.

வகைகளில் மலிவானதும் அதிகம் விற்பதும் 'எல்' வடிவத் தகடு. பிளாஸ்டிக்கில் வருவதை 8×42 போன்ற எடை குறைந்தவற்றுக்கு மேல் சிபாரிசு செய்யாதீர்கள். பைனாகுலர் இதில் முன் முனையை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் தொங்குவது போல நிற்கிறது. தகடு சற்று வளைந்தாலும் காற்றில் காட்சி ஆடும். வார்ப்பு உலோகத்தைக் காட்டிலும் அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது திடமானது. அடுத்தது குமிழ் வகை. சிறு குமிழ் ஒன்று பைனாகுலரிலேயே நிரந்தரமாக இருக்கும். ட்ரைபாடில் உள்ள தண்டின் மேல் அதை வைத்தால் பிடித்துக்கொள்ளும், வேண்டும்போது நொடியில் கழற்றலாம். பறவை பறக்கும்போது கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இதுவே சரி. விலை கூடுதல், மனக்குறை குறைவு. மரையே இல்லாத பைனாகுலருக்குத் தொட்டில் போன்ற மேடையில் வைத்து வாரால் இறுக்கும் வகை உண்டு. வார் நைந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

எந்த வகையானாலும் கடையிலேயே பூட்டி, பைனாகுலரின் பின்புறத்தை விரலால் இலேசாகத் தட்டி, கண்ணில் வைத்துப் பாருங்கள். காட்சி உடனே நிலைக்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால் தகடு மெலிந்தது, அல்லது திருகு முழுமையாக இறங்கவில்லை, அல்லது ட்ரைபாடே சரியில்லை என்று பொருள். திருகைக் கையால் இறுக்கினால் போதும். கடைப் பையன்கள் குறடு போட்டு இறுக்குவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். திருகு நீளமாக இருந்து குழியின் அடியில் முட்டினால், தகடு தளர்வாகவே இருக்கும். அதை மேலும் முறுக்கினால் கீல்தான் சேதமாகும்.

ட்ரைபாடின் தலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் நிதானமாக நகரும் கைப்பிடித் தலையே பைனாகுலருக்கு ஏற்றது. பந்துத் தலை தளர்ந்தால் பைனாகுலர் தலைகுப்புறச் சாயும். அடாப்டரின் அடிப்பாகம் ஆர்க்கா வகைத் தகடாகவே கடையப்பட்டிருந்தால் தனித் தகடு வாங்கும் செலவு மிச்சம். ஆனால் எல்லாக் கம்பெனிகளின் ஆர்க்கா கவ்வியும் ஒரே அளவில் கச்சிதமாக இருப்பதில்லை. வாடிக்கையாளரின் ட்ரைபாடில் மாட்டிப் பார்த்த பிறகே பில் போடவும். பெரிய ட்ரைபாட்களில் முக்கால் அரை அங்குல, அதாவது 3/8 திருகு வரும். அதற்கான பித்தளைப் புஷ் பத்து இருபது கையிருப்பில் இருந்தால் பல வியாபாரம் கைநழுவாது.

பில் விஷயத்தில் ஒன்று. பைனாகுலர் ஹெச்.எஸ்.என். 9005 தலைப்பிலும், ட்ரைபாட் 9620 தலைப்பிலும் வருகின்றன. மூன்றையும் 'செட்' என்று ஒரே வரியில் எழுதாமல் தனித்தனி வரியாக எழுதுங்கள். அடாப்டரை எதில் காட்டுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். இறக்குமதிச் சரக்கின் பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உற்பத்தியான நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். இவை இல்லாமல் உதிரியாகப் பிளாஸ்டிக் பையில் வரும் அடாப்டரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், திருப்பி அனுப்புவதே நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மெல்லிய தண்டுள்ள அலுமினிய 'எல்' வகையில் ஆறும், குமிழ் வகையில் இரண்டும், வார் வகையில் ஒன்றும் வாங்கினால் முதல் பருவத்துக்குப் போதும். வேடந்தாங்கலில் பறவைகள் கூடுவது மழைக்காலத்தை ஒட்டி என்பதால் கொள்முதலை அக்டோபருக்குள் முடித்துக்கொள்ளலாம். கழற்றிய முன் மூடியை மட்டும் ஒரு சிறு உறையில் போட்டு, பைனாகுலர் பையிலேயே வைத்துக் கொடுத்துவிடுங்கள். அது தனியாக எங்கும் கிடைப்பதில்லை.