பி. ரம்லியின் பாட்டை எப்படிக் கேட்பது?

பி. ரம்லி என்றதும் நம் வீடுகளில் முதலில் வருவது சிரிப்புத்தான். 'புஜாங் லாப்போக்' படங்களில் மூன்று பிரமச்சாரிகள் அடிக்கும் கூத்தை, மலாய்மொழி சரியாகத் தெரியாத பாட்டிமார்கூட ரசித்ததுண்டு. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் தொடங்கிய அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இன்று நாம் நடிகர் ரம்லியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, தாமே மெட்டமைத்துத் தாமே பாடிய ரம்லியைப் பற்றிப் பேசுவோம். அவரைப் புகழ்கிறவர்கள் பலரும் 'மேதை', 'மகா கலைஞர்' என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எதனால் மேதை என்று நம் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

ரம்லி 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை சுமத்ராவின் ஆச்சேயிலிருந்து வந்தவர். தாயார் பட்டர்வொர்த் பக்கத்தவர். பினாங்கு துறைமுகப் பட்டினம். ஒரு தெருவில் சீனக் கூத்து, அடுத்த தெருவில் நம்மவர் நாதசுரம், அதற்கடுத்து மலாய்க்காரர் கல்யாணத்தில் வயலினும் ரெபானாவும். இவை எல்லாம் ஒரே சிறுவனின் காதில் விழுந்தன. ஜப்பானியர் ஆட்சியில் படிப்புத் தடைப்பட்டது. யூக்கலேலி, கித்தார், வயலின் என்று ஒவ்வொன்றாகக் கைவந்தன. 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படக்கூடத்துக்கு அவரை அழைத்துக்கொண்டார். அவ்வாண்டு வெளிவந்த 'சிந்தா' படத்தில் ரம்லிக்கு வில்லன் வேடம். ஆனால் கதாநாயகனுக்குப் பாட்டுக் குரல் கொடுத்தவரும் அவரே! அவரைக் கதாநாயகனாக ஏற்றி வைத்த 'பக்தி' 1950இல் வந்தது. அதை இயக்கிய எல். கிருஷ்ணன், மதராசில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். நம்மில் பலருக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியது.

இனிக் குரலுக்கு வருவோம். பங்சாவான் என்ற பழைய மலாய் நாடக மேடையில் பாடகர் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கப் பாடவேண்டும். தியாகராஜ பாகவதர் காலத்து நம் மேடையும் அப்படித்தானே! ஒலிவாங்கி வந்த பிறகு அந்தக் கட்டாயம் நீங்கியது. மெல்லப் பாடினாலும் போதும். இதை நன்றாகப் புரிந்துகொண்ட பாடகர் ரம்லி. அவர் கூட்டத்தைப் பார்த்துப் பாடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோலப் பாடுகிறார். சோகப் பாட்டிலும் அழுது காட்டமாட்டார். சொல்லின் கடைசி எழுத்தைச் சற்று இழுத்து, மெதுவாக இறக்கி விடுவார். கேட்பவருக்குத்தான் கண் கலங்கும்.

அடுத்தது கலப்பு. அவருடைய பெருமையில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. மலாய் இசையில் 'அஸ்லி' என்பது நின்று நிதானித்துப் போகும் பழைய முறை. 'ஜோகெட்' மலாக்காவில் போர்த்துகீசியர் உறவால் வளர்ந்த துள்ளல் ஆட்டம். 'கெரோஞ்சோங்' ஜாவாப் பக்கத்துச் சிறு நரம்புக் கருவிகளின் இசை. அதன் வேரிலும் போர்த்துகீசியர் உண்டு. இவற்றோடு 1950களில் இசைத்தட்டு வழியாகவும் நடன மண்டபங்கள் வழியாகவும் ரும்பா, சாச்சா போன்ற லத்தீன் அமெரிக்கத் தாளங்களும் ஜாஸ் இசையும் வந்து சேர்ந்தன. இந்திய இயக்குநர்களோடு இந்தியப் படங்களின் பாட்டு முறையும் வந்தது.

இத்தனையையும் ஒரே பானையில் கொட்டினால் சாம்பாரும் ஆகாது, ரசமும் ஆகாது. ரம்லி அப்படிக் கொட்டவில்லை. 1960இல் வந்த 'அந்தாரா டுவா டர்ஜாட்' படத்தின் 'கெத்தாரான் ஜீவா' பாட்டை எடுத்துக்கொள்வோம். பாட்டின் சொற்களை எழுதியவர் எஸ். சுதர்மாஜி, மெட்டும் குரலும் ரம்லியுடையவை. அடியில் ஓடுவது லத்தீன் அமெரிக்கத் தாளம். மேலே செல்லும் குரலில் இருப்பதோ மலாய்க்காரர் 'லெங்கோக்' என்று சொல்லும் வளைவும் நெளிவும். தாளம் வெளியூர், குரல் உள்ளூர். ஒன்று மற்றொன்றை மிதிப்பதில்லை. இந்த மெட்டில் அந்நிய வாடை அடிக்கிறது என்று இன்று எந்த மலாய்க் குடும்பமும் சொல்லாது. 1964இல் 'தீகா அப்துல்' படத்துக்காக 'புன்யி கித்தார்' போட்டபோது அன்றைய இளைஞரின் டுவிஸ்ட் ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டார்.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று நாம் சொல்லமாட்டோம். கதையை நகர்த்துவதற்காக அவசரத்தில் போட்டவையும் உண்டு. அவற்றையும் சேர்த்துப் புகழ்ந்தால் நல்ல பாட்டுக்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'அந்தாரா டுவா டர்ஜாட்' கதையில் பியானோ கற்றுத்தரும் ஏழை இளைஞனை, அரச குலத்துப் பெண்ணின் குடும்பம் இழிவாக நடத்துகிறது. அவரே இயக்கிய 'இபு மெர்துவாக்கு' 1962இல் வந்தது. அதிலும் சாக்சபோன் வாசிப்பவன் என்பதால் பணக்கார மாமியார் மருமகனை வெறுக்கிறார். "பாட்டுக்காரனுக்கா பெண் கொடுப்பது?" என்ற பேச்சு நம் லயன் வீடுகளுக்கும் புதிதல்லவே. ஆர்மோனியத்தைத் தொட்ட பிள்ளையின் முதுகில் அடி விழுந்த வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அந்த இகழ்ச்சியை ரம்லி திரையில் வைத்துக் காட்டினார்.

பின்பு அதே இகழ்ச்சி வேறு வடிவில் அவரிடமே வந்தது. 1964இல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் மெர்டேக்கா படக்கூடத்துக்கு வந்தார். அக்காலத்தில் மின்கித்தார் குழுக்களின் 'பாப் யே யே' பாட்டு இளைஞரைப் பிடித்துக்கொண்டது. ரம்லி பழைய ஆள் என்றார்கள். 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி'யே அவருடைய கடைசிப் படம். 1973 மே 29ஆம் நாள் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 44தான். தலைநகரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்தது 1982இல். செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமானது 1986இல். 'டான் ஶ்ரீ' விருது 1990இல். இவை நல்ல காரியங்களே. ஆனால் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை.

வானொலியில் அடுத்த முறை 'கெத்தாரான் ஜீவா' ஒலிக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் அடிக்குக் குரலை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் மேசையில் தட்டச் சொல்லுங்கள். அடுத்த அடிக்குத் தட்டுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லை அவர் எங்கே இறக்கி விடுகிறார் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். சொற்களுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் இது முடியும்.