சிற்றுருவிற் செம்மை

பெரிய பொருளைச் சிறிதாகச் செய்து காட்டுதல் பழைய வழக்கம். தச்சர் சிறுதேர் செய்து சிறார்க்களித்தனர். சிறுதேர் விளையாட்டுப் பொருள். தேர்போலத் தோன்றி உருண்டால் அதற்குப் போதும். அளவை வழுவாத சிற்றுருவோ வேறு வகையினது. மூலப்பொருளின் உறுப்பனைத்தும் ஒரே விகிதத்திற் சுருங்கி, வடிவும் இடமும் நிறமும் பிழையாது நிற்றல் அதன் இலக்கணம். மேனாட்டிற் பலர் ஓய்வு வேளையிற் பயிலும் இக்கலையின் அருமையை, பழைய போர்ப் பயிற்சி விமானமொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்திலே டி ஹவிலண்ட் நிறுவனத்தார் இயற்றிய 'டைகர் மொத்' விமானம் 1931 ஆம் ஆண்டு ஒக்டோபர் 26 ஆந் திகதி முதன்முறை வானேறிற்று. பின்னர் 8,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானியப் பேரரசின் நாடுகள் பலவற்றில் விமானிகள் அரிச்சுவடி பயின்றது இதிலேயே. உருக்குக் குழாயாலான உடல், மரத்தாலான இரட்டைச் சிறகு, மேலே போர்த்த துணி, 130 குதிரைவலு இயந்திரம்: இவையே இதன் அமைப்பு. முன்னிருக்கையில் ஆசிரியரும் பின்னிருக்கையில் மாணாக்கரும் அமர்வர். இருவரும் உரையாடுதற்கு ஒரு குழாய் உண்டு.

இவ்விமானத்தின் சிறகுகள் நேரே நீளாது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இச்சாய்வு அழகுக்காக அமைந்ததன்று. இதற்கு முந்திய 'மொத்' விமானத்தில், மேற்சிறகின் நடுப்பகுதியும் அதனைத் தாங்குங் கால்களும் முன்னிருக்கையைச் சூழ்ந்து நின்றன. இடர் நேர்ந்தால், வான்குடையைக் கட்டியிருக்கும் ஆசிரியர் வெளியே குதித்தல் அரிதாயிற்று. அதனால் நடுப்பகுதியை முன்னே நகர்த்தினர். நகர்த்தவே சமநிலை கெட்டது. அதனைச் சீர்செய்யச் சிறகுகளைப் பின்னே சாய்த்தனர். ஆசிரியனின் உயிர்காத்தற்பொருட்டு எழுந்த வடிவம் இது. சிற்றுரு செய்வோன் அச்சாய்வைப் பிழைபடச் செய்வானாயின், அவ்வடிவத்தின் காரணத்தையே அழித்தவனாவான்.

இனி அளவை நோக்குவாம். விமானச் சிற்றுருக்களுக்குப் பெருவழக்காயுள்ளது எழுபத்திரண்டில் ஒன்று என்னும் விகிதம். இதன்படி ஆறடி ஓர் அங்குலமாகும். நெடிய மனிதனொருவன் ஓரங்குல உயரத்தில் நிற்பான். டைகர் மொத்தின் சிறகு நீட்டம் 29 அடி 4 அங்குலம். சிற்றுருவில் அது ஐந்து அங்குலத்திற்குச் சற்றுக் குறையும். அங்குலத்திற் பதினாறிலொரு கூறு பிழைத்தாலும், மூலத்தில் நாலரை அங்குலம் பிழைத்ததாகும்.

அளவுக்கு ஆதாரம் யாது? வரைபடங்கள் தம்முள் முரணும். இன்று காட்சிச்சாலைகளில் நிற்கும் விமானங்களோ பலமுறை பழுதுபார்க்கப்பட்டும் நிறம் மாற்றப்பட்டும் வந்தவை. வால்நுனியிற் சறுக்குக்கட்டை இருந்தவிடத்திற் பிற்காலத்திற் சக்கரம் பூட்டப்பெற்றனவும் உள. முதல் வகையில் உடலின் பின்முதுகு துணியால் மூடப்பட்டது. இரண்டாம் வகையில் ஒட்டுப்பலகையால் மூடப்பட்டது. ஆதலின் இரண்டாம் வகையைச் செய்வோன் அவ்விடத்திற் துணியின் வரைகளைக் காட்டலாகாது. வாலருகே இருபுறமும் நீண்ட மெல்லிய தகடுகள் போர்க்காலத்திற் சேர்க்கப்பட்டவை. 1930களின் விமானத்தில் அவை இருத்தல் காலவழுவாம். ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடங்கொள்ளும் பதிப்பாசிரியர் தொழிலுக்கு இத்தொழில் இனமானது. அவ்வக்காலத்துப் புகைப்படமே இங்கு மூல ஏடு.

செய்தொழிலில் அரியது மேற்சிறகை ஏற்றுதல். நடுக்கால்கள் ஒருபுறம் சாயினும் விமானம் முழுதும் கோணும். தேர்ந்தவர் தடித்த அட்டையில் அச்சுச்சட்டம் வெட்டி, இரு சிறகுகளையும் அதிற் பொருத்திப் பசை உலரும்வரை அசையாது வைப்பர். பின்னர் சிறகுகளிடையே ஓடும் கம்பிகள். கால் அங்குல அகலமுடைய கம்பியும் இவ்விகிதத்தில் மயிரிழையளவினதே. எஞ்சிய பிளாஸ்டிக் தண்டினை மெழுகுதிரிச் சுடரின்மேல் இளக்கி இழுத்தால் அத்தகைய இழை கிட்டும். சிறகின் துணி நெசவோ இவ்வளவிற் கண்ணுக்குப் புலனாகாது. அதனைக் காட்ட முயல்வது மிகையாகும்.

நிறத்திலும் நுட்பமுண்டு. போர்க்காலப் பயிற்சி விமானத்தின் கீழ்ப்புறம் மஞ்சள். வானிற் பயில்வோன் ஒருவன் வருகிறான் எனப் பிறர்க்கு அறிவிக்கும் நிறம் அது. மேற்புறம் மண்ணிறமும் கரும்பச்சையும். மேற்சிறகின் நிழல் கீழ்ச்சிறகிற் படுதலால், கீழ்ச்சிறகின் மேற்பரப்புக்கு அந்நிறங்களையே வெளிறத் தீட்டும் முறையும் இருந்தது.

இத்துணை நுட்பம் எதற்கென வினவுவார்க்கு வரலாறு விடை கூறும். 1942 ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படை, எழுபத்திரண்டில் ஒன்றாய விகிதத்தில் ஐந்து இலட்சம் விமானச் சிற்றுருக்களைப் பாடசாலை மாணாக்கரிடம் வேண்டிற்று. அத்தகைய சிற்றுருவை முப்பத்தைந்து அடி தூரத்தில் வைத்து நோக்கினால், அது ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பாலுள்ள விமானம்போலத் தோன்றும். அதைக்கொண்டு படைவீரர் பகைவிமானத்தையும் நட்புவிமானத்தையும் வேறு பிரித்தறியப் பயின்றனர். மாணாக்கர் செய்தவை அச்சுத் தகடுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. சிறகின் சாய்வு பிழைத்த சிற்றுருவிற் பயின்றவன் தன் தோழனையே சுட்டு வீழ்த்தக்கூடும். பள்ளி மேசையில் நேர்ந்த சிறுபிழை வானில் உயிர்ப்பிழையாகும் நிலை அது.

போரின்பின் இங்கிலாந்திலே டைகர் மொத்தின் இடத்தைச் 'சிப்மங்க்' என்னும் ஒற்றைச் சிறகு விமானம் பெற்றது. 1951 இல் நிறுவப்பட்ட இலங்கை விமானப்படை தன் விமானிகளைப் பயிற்றத் தொடங்கியதும் அச்சிப்மங்க் விமானத்திலேயே. அதன் சிறகு நீட்டம் 34 அடி 4 அங்குலம். சிறகிடைக் கம்பிகளும் இல்லை. முதன்முதல் இக்கலை பயில விரும்பும் நம் மாணாக்கர்க்கு ஏற்ற பாடம் அதுவே. கத்தியை எடுக்குமுன் அளவுகோலை எடுத்து, அந்நீட்டத்தை எழுபத்திரண்டாற் பிரித்துத் தாளில் ஒரு கோடு வரைந்து தொடங்குக. ஆசிரியன்மார் அக்கோட்டை அளந்து பார்ப்பாராக.