என்ஜினுக்குள் விழுந்த நட்டு

பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது, அதன் தலையில் இருக்கும் குட்டி நட்டு உருவிக்கொண்டு பிளக் துளைக்குள் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அது எங்கே கிடக்கிறது, ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும் என்று புரிய, அடுக்களையில் இருக்கும் முறுக்கு உழக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைத் தலைகீழாகப் பிடித்தால் கிட்டத்தட்ட என்ஜின்தான். மாவு நிரப்பும் குழல், சிலிண்டர். மாவை அமுக்கும் கட்டை, பிஸ்டன். இங்கே அது கீழிருந்து மேலே ஏறுகிறது. வில்லை இருக்கும் இடத்தில் சிலிண்டர் ஹெட். அந்த வில்லையில் மூன்று ஓட்டைகள்: காற்றும் பெட்ரோலும் வர ஒன்று, புகை போக ஒன்று, பிளக்குக்கு ஒன்று. முதல் இரண்டையும் வால்வுகள் திறந்து மூடுகின்றன.

மாவில் ஒரு கல் கிடந்தால் என்ன ஆகும்? வில்லையின் ஓட்டையை அடைக்கும், அல்லது குழலின் சுவரைக் கீறும். ஆனால் பிழிகிறவருக்கு ‘என்னமோ தட்டுதே’ என்று கையிலேயே தெரிந்துவிடும், நிறுத்திவிடுவார். ஓடுகிற என்ஜின் நிறுத்தாது. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 1,400 சுற்று என்றால், நொடிக்கு 23 முறை பிஸ்டன் மேலே வந்து போகிறது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. உழக்கில் கட்டை வில்லையைத் தொடும்வரை போகும். பிஸ்டன் ஹெட்டைத் தொடாது. கொஞ்சம் இடம் விட்டுத் திரும்பிவிடும். 97 சிசி என்ஜினில், அமுக்க விகிதம் 9 என்றால், மிஞ்சுகிற இடம் சுமார் 12 சிசி. இரண்டரை டீஸ்பூன் அளவு. அதிலும் பெரும்பகுதி நடுவில் குழிந்த இடத்தில்தான்; ஓரங்களில் இடைவெளி மிகக் குறைவு. நட்டு ஓரத்தில் மாட்டினால் பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் பள்ளம் விழும். வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே சிக்கினால் வால்வு வளையும், கம்ப்ரஷன் போய்விடும்.

‘சும்மா ஸ்டார்ட் பண்ணுங்க, சைலன்சர் வழியா வந்துடும்’ என்று யோசனை சொல்லச் சிலர் எப்போதும் இருப்பார்கள். பிளக் மரை வெட்டும்போது விழும் மெல்லிய அலுமினியத் தூள் சில நேரம் அப்படிப் போய்விடலாம். இரும்பு நட்டு போகும் வழியில் என்னவெல்லாம் செய்யும் என்று மேலே பார்த்தோம். கிக்கரில் கால் வைக்க வேண்டாம், செல்ஃப் பட்டனைத் தொட வேண்டாம். வண்டியைக் கியரில் உருட்டுவதும் கூடாது. சக்கரம் சுற்றினால் பிஸ்டனும் ஏறி இறங்கும்.

முதலில் மேக்னட். ஏரியல் போல இழுத்து நீட்டும் குச்சியின் நுனியில் காந்தம் வைத்து, உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். பிஸ்டன் அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாது. சிலிண்டரின் உட்சுவர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் போய் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டு நம்மை அலைக்கழிக்கும். குச்சியை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, நுனி மட்டும் வெளியே தெரியும்படி இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை. விழுந்தது பித்தளையோ செம்போ பிளக்கின் பீங்கான் சில்லோ என்றால் காந்தம் உதவாது. குச்சி நுனியில் கெட்டியான கிரீஸைத் தடவி ஒற்றி எடுக்கலாம். மெல்லிய குழாயை வேக்யூம் கிளீனரில் பொருத்தி உறிஞ்சியும் பார்க்கலாம். கம்ப்ரஸர் காற்றை ஊதுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. வால்வு திறந்திருந்தால் பொருள் அதன் வழியே இன்னும் ஆழமான சந்துக்குப் போய்விடும்.

எட்டவில்லையா? தரையை மேலே கொண்டுவரலாம். பிளக் வெளியே இருக்கும்போதே சென்டர் ஸ்டாண்டு போட்டு, டாப் கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினால் பிஸ்டன் ஏறும். பிளக் துளையில் விரலை வைத்துப் பாருங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன் ஏற்றம், வால்வுகள் மூடியிருக்கின்றன. உச்சிக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிட வேண்டும். முறுக்குப் பிழியும் கை போல, லேசாகத் தடுத்தாலும் அதற்குமேல் ஓர் இழை நகர்த்தக் கூடாது. செல்போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா இருந்தால் கண்ணால் பார்த்தபடியே செய்யலாம்.

கையால் சுற்றிப் பார்ப்பது விமான என்ஜின்களிலும் உண்டு. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் பராமரிப்பின்போது, அப்படிச் சுற்றப் பயன்படும் 1.25 மீட்டர் நைலான் கருவியே என்ஜினுக்குள் தங்கிவிட்டது. காணாமல்போன கருவியைத் தேடும் நடைமுறை தொடங்காமலேயே விமானம் பறக்க அனுப்பப்பட்டது. 34 பயணங்கள், ஏறக்குறைய 294 மணி நேரம் பறந்த பிறகுதான் கண்டெடுத்தார்கள்.

பிஸ்டனுக்கு மேலே விழுந்தவரை பரவாயில்லை. கீழே, கிராங்க் அறைக்குள் விழுந்தால் கதை வேறு. பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் இதற்குப் பேர்போனது. நோஸ் பிளேயரால் நெம்பும்போது ஸ்பிரிங் போலத் துள்ளிக் குதிக்கும். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக், சிலிண்டரை உருவியதும் கனெக்டிங் ராடைச் சுற்றிப் பனியன் வேஸ்ட்டை அடைத்துவிடுவார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டுப்போக மிஞ்சும் துணிக்கு ஒர்க்‌ஷாப்பில் இப்படியும் ஒரு வேலை. அடைக்காமல் விட்டு விழுந்துவிட்டால், ஆயிலை வடிகட்டி வைத்து இறக்கிப் பார்க்கலாம். காந்தத்தை இடுக்கில் விடலாம். சர்க்ளிப் ஸ்பிரிங் எஃகு என்பதால் ஒட்டும். அப்படியும் வராவிட்டால் என்ஜினை இறக்கி இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டியதுதான். கியர் பற்களுக்கு நடுவே அது போய்ச் சிக்கினால் கேஸே உடையலாம்.

வெளியே வந்ததை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உடைந்த துண்டு என்றால் மற்றத் துண்டோடு சேர்த்து, முழு உருவம் வருகிறதா என்று பொருத்திப் பார்க்க வேண்டும். பிறகு பிளக் மாட்டும் முன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் அப்போதுதான் ஒரு முழுச் சுழற்சி முடியும். எங்கேயும் தட்டாவிட்டால் ஸ்டார்ட் செய்யலாம். எதுவும் வெளியே வராவிட்டால் ஹெட்டைக் கழற்றுங்கள். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் அது அரை நாள் வேலை, கூடவே ஒரு புது கேஸ்கட். சிலிண்டரின் உட்சுவர் கீறிப்போனால் சிலிண்டர், பிஸ்டன், ரிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து பில் வரும்.