முழங்கால் மடங்கவும் முதுகு வளையவும்



"ஐயா, ஜெபத்திற்கு முழங்காற்படியிட முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளட்டுமா?" என்று சாம்பியன் ரீப்ஸில் ஒரு தாயார் கூச்சத்தோடு கேட்டார்கள். "தாராளமாய் உட்காருங்கள் அம்மா" என்றேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை இறங்கி, குனிந்து உழைத்தவர்களின் ஊர் அது. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், அவர்களுடைய பிள்ளைகளில் அநேகர் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று வருகிறார்கள். மணிக்கணக்காய் உட்கார்ந்தே இருக்கும் சரீரம் இறுகிப்போகிறது. காலை உணவோ தேநீரும் பன்னுமாய் முடிந்துவிடுகிறது.

மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. வைட்டமின் சி இல்லாமல் அது உறுதியாய் உருவாகாது. ஆகவே நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றை அன்றாடம் சேர்த்துக்கொள்ளுங்கள். பயறு, முட்டை, மீன் ஆகியவை தசைகளுக்குப் புரதம் தரும். எலும்புக்குக் கோலார் மண்ணின் கேழ்வரகே போதுமான சாட்சி: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு, வெள்ளை அரிசியிலோ சுமார் 10 மில்லிகிராம்தான்.

உணவைப் போலவே நீரையும் கவனிக்க வேண்டும். கோலார் மாவட்டத்தின் பல ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பல்லாண்டுகள் பருகினால் பல்லில் கறை படியும். அளவு மிகமிகக் கழுத்தும் முதுகும் மூட்டுகளும் விறைத்துப்போகும். எலும்பில் ஏறிய பாதிப்பை முழுவதும் நீக்க மருந்தில்லை. வருமுன் காப்பதே வழி. கொதிக்கவைப்பதால் புளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரோ, தூய்மையாய்ச் சேமித்த மழைநீரோ நல்லது. சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் சியும் குறைந்த சரீரத்தையே இந்த நஞ்சு அதிகமாய்த் தாக்குகிறது.

உணவு மாத்திரம் உடலை வளைத்துவிடாது. மணிக்கொருதரம் எழுந்து நடவுங்கள். கைகால்களை நீட்டி மடக்குங்கள். வலியோ வீக்கமோ நீடித்தால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்க வேண்டாம்.

நகரத்தில் வாழும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, "அம்மா, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். அதைப் பரிசோதிக்கக் கொடுங்கள். கையில் கொஞ்சம் நெல்லிக்காயும் கொண்டுபோங்கள்.