ஒரு சாண் தூரம்

1960ஆம் ஆண்டு கோடையில், பாரிஸ் நகரின் கோன்கார்ட் சதுக்கத்தில் மார்சலின் லோரிதான் என்ற இளம்பெண் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடந்தார். தோளில் நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி, உடையில் ஒரு சிறு மைக். நாஜிகளின் வதைமுகாமிலிருந்து தான் மீண்டுவந்ததையும், மீளாமலே போன தந்தையையும் நினைத்து அவர் பேசுகிறார். தொடர்ந்து அவர் ஒரு சந்தைக் கூடத்துக்குள் நடக்கும்போது கேமரா அவரை விட்டு விலகிக்கொண்டே போகிறது. உருவம் சிறுத்துவிடுகிறது, குரல் மட்டும் நம் காதருகிலேயே இருக்கிறது. ழான் ரூஷும் எட்கர் மொரினும் எடுத்து 1961இல் வெளியிட்ட ‘குரோனிக்கிள் ஆஃப் எ சம்மர்’ ஆவணப்படத்தில் வரும் காட்சி இது.

இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் கோப்ரோ, ஆஸ்மோ பாக்கெட் போன்ற கேமராக்களோடு தாலாட்டும் ஒப்பாரியும் கூத்தும் பதிவுசெய்யக் கிளம்பும் எவரும் முதலில் பார்க்க வேண்டிய காட்சி இதுதான் என்பேன். கேமரா எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும், மைக் பேசுபவரின் வாயருகில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கணக்கு எளிது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறையும். ஒருவர் இயல்பாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தள்ளி ஏறக்குறைய 60 டெசிபெல் இருக்கும். கேமரா இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் அதை எட்டுவது 54. பக்கத்துச் சாலையின் இரைச்சல் 60 என்றால் குரல் அதற்குள் மூழ்கிவிட்டது. அதே நேரத்தில் வாயிலிருந்து ஒரு சாண், அதாவது சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி ஒரு காலர் மைக் இருந்தால், அதற்குக் கிடைக்கும் குரல் 74. இரைச்சல் இங்கும் அதே 60தான். கேமராவை மாற்றவில்லை, விலை உயர்ந்த மைக் வாங்கவில்லை. குரல் மட்டும் இரைச்சலுக்கு மேலே எழுந்துவிட்டது.

நேரில் நிற்கும்போது இந்தச் சிக்கல் நமக்கு உறைப்பதே இல்லை. இரண்டு காதுகளும் மூளையும் சேர்ந்து, சந்தை இரைச்சலிலும் எதிரே இருப்பவரின் குரலைத் தனியே பிரித்துக் கேட்கும். மைக்குக்கு அந்தத் திறன் கிடையாது. வந்ததையெல்லாம் ஒரே தட்டில் வைத்துவிடும். ஹெட்போன் மாட்டிக் கேட்காமல் பதிவைத் தொடங்கக் கூடாது என்று ஒலிப்பதிவாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சிறு கேமராவுக்குள் இருக்கும் மைக் மட்டமானதல்ல. சில மில்லிமீட்டர் அளவே உள்ள அந்தச் சில்லு பேச்சைத் தெளிவாகவே வாங்கும். ஆனால் அது இருக்கும் இடம் மோசம். கேமராவைப் பிடித்திருக்கும் விரலின் உரசல், கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் மோட்டாரின் முனகல் எல்லாம் அதற்கு வாயைவிடப் பக்கத்தில் இருக்கின்றன. தண்ணீர் புகாத உறை போட்டால் குரல் மேலும் மங்கிவிடும்.

அடுத்த எதிரி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளுக்கு நடுவே ஆடி மாதத்தில் ஒரு விவசாயியைப் பேட்டி எடுக்கப் போகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மைக்கின் முகப்பில் மோதும் காற்று சுழித்து உடையும்போது, அந்த அழுத்த மாற்றங்களையும் மைக் ஒலியென்றே எடுத்துக்கொள்கிறது. தடதடவென்று கேட்பது காற்றின் சத்தமல்ல, மைக்கிலேயே உண்டாகும் சத்தம். ரோம உறை மைக்கைச் சுற்றிக் கொஞ்சம் அசையாக் காற்றைத் தேக்கி வைக்கிறது. ஒலி அதைத் தாண்டி வரும், வீசும் காற்று வராது. பஞ்சு உறை மெல்லிய காற்றுக்குத்தான் தாங்கும். இந்தத் தடதடப்பு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வசதியும் உதவும். ஆனால் பம்பையோ தவிலோ பதிவுசெய்யும்போது அந்த வெட்டை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முழக்கத்தின் அடிக்கனம் போய்விடும்.

காலர் மைக் மாட்டுவதிலும் பக்குவம் இருக்கிறது. கஞ்சி போட்ட சேலையும் பட்டும் உரசினால் சரசரக்கும். கழுத்துச் சங்கிலி மைக்கில் பட்டால் ஒவ்வோர் அசைவும் டிக் டிக்கென்று பதிவாகும். பாடும் பாட்டியிடம் மைக்கைக் கொடுத்து, எங்கே மாட்டினால் தொந்தரவில்லை என்று கேட்டு, அவரையே மாட்டிக்கொள்ளச் சொல்வது மரியாதை. வசதியாக இருந்தால் குரலும் இயல்பாக வரும்.

தெருக்கூத்து இன்னும் கடினம். கட்டை வேடம் கட்டியவர் சுழன்று ஆடுவார். மார்பிலும் தோளிலும் மரத்தாலான கட்டைச் சாமான்கள். பெரும்பாலான வயர்லெஸ் மைக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. உடலில் உள்ள நீர் அந்த அலையை உறிஞ்சிவிடும் என்பதால், அவர் முதுகைத் திருப்பும்போது பதிவு விட்டுவிட்டு வரலாம். லோரிதானைப் போலப் பதிவுக் கருவியையே உடலோடு வைத்துவிடுவது இங்கே மேல். தீப்பெட்டி அளவில் ரெக்கார்டர்கள் கிடைக்கின்றன. தனக்குள்ளேயே ஒரு பிரதி பதியும் வயர்லெஸ் மைக்குகளும் உண்டு.

ஒலி அளவை கேமராவின் தானியங்கி ஏற்பாட்டிடம் விடுவது கூத்துக்கு ஆகாது. தாளம் ஓங்கி அடித்ததும் அது அளவைக் குறைத்துவிடும், அடுத்து வரும் வசனம் அமுங்கும். பேச்சு நின்றால் அளவைத் தானே ஏற்றி, பின்னணி இரைச்சலை மேலே கொண்டுவரும். முடிந்தவரை அளவைக் கையால் அமைத்து, உச்சக் குரலும் எல்லைக்கு 10 டெசிபெல்லாவது கீழே நிற்கும்படி வைக்கலாம். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்களில் கோப்பு உச்சத்தில் வெட்டுப்படாது. மைக்கே தாங்காத அளவுக்கு நாகஸ்வரம் அருகில் ஒலித்தால் மட்டும் அதனாலும் காப்பாற்ற முடியாது.

தமிழ் சினிமா நீண்ட காலம் டப்பிங்கை நம்பியே இயங்கியது. இடத்தில் கிடைக்கும் ஒலியைப் பொருட்படுத்தாத பழக்கம் அங்கிருந்து நம் எல்லோருக்கும் தொற்றியது என்றே நினைக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்குத் தொண்டை கட்டிய குரலில் பாடிய கலைஞரை ஸ்டுடியோவுக்கு அழைத்து மறுபடி பாடவைக்க முடியுமா?

ஒலியைத் தனியாகப் பதிவதில் ஒரு வேலை கூடும்: படத்தோடு சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் கேமரா முன் ஒரு கைதட்டு போதும். ஆனால் இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் முழுக்க ஒத்துப்போகா. பத்து லட்சத்தில் 30 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 0.1 விநாடி விலகிவிடும்; உதடும் ஓசையும் பிரிவது கண்ணில் படத் தொடங்கும். முடிவிலும் ஒரு தட்டு தட்டிவிட்டால், இரண்டு தட்டுகளுக்கும் இடைப்பட்ட நீளத்தை ஒப்பிட்டு ஒலியைச் சற்றே நீட்டியோ சுருக்கியோ பொருத்தலாம். முதல் தட்டுக்கு முன்பே பாடுபவரின் பெயர், ஊர், நாள், பாட்டு ஆகியவற்றை மைக்கில் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் கணினியில் எப்படி மாறினாலும் இந்த விவரம் பதிவோடு இருக்கும்.