போத்தலுக்குள் கிருமிகள் சும்மா இருப்பதில்லை

1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தபோது, மகளிர் 800 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்றவர் இங்கிலாந்தின் டயான் மொடால். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த அதே போட்டியிலிருந்து ஊக்கமருந்துக் குற்றச்சாட்டோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவரும் அவரே. காரணம், ஒரு சிறுநீர் மாதிரி.

1994 ஜூன் மாதம் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் ஓடியபோது அந்த மாதிரி எடுக்கப்பட்டது. சிறுநீரில் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஹார்மோன், எபிடெஸ்டோஸ்டெரோன் என்ற மற்றொன்றைப் போல எத்தனை மடங்கு இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் பார்க்கும். அந்நாளில் 6 மடங்கு வரை அனுமதி. மொடாலின் மாதிரியில் 42 மடங்கு! நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

அவர் மேல்முறையீடு செய்தார். அப்போதுதான், மாதிரி லிஸ்பனின் கோடை வெப்பத்தில் குளிரூட்டப்படாமல் கிடந்தது பெரிய கேள்வியானது. புதிய சிறுநீர் பெரும்பாலும் இலேசான அமிலத்தன்மை உடையது; அதன் பிஎச் அளவு 6ஐ ஒட்டி இருக்கும். மொடாலின் மாதிரியிலோ அது 8ஐத் தாண்டியிருந்தது. கிருமிகள் பெருகிச் சிறுநீர் கெட்டுப்போனதன் அடையாளம் அது. அப்படிக் கெட்ட சிறுநீரில் கிருமிகளே டெஸ்டோஸ்டெரோனை உண்டாக்கக்கூடும் என்று சோதனைகள் காட்டின. 1995 ஜூலையில் பிரிட்டிஷ் மேல்முறையீட்டுக் குழு தடையை நீக்கியது. 1996இல் அனைத்துலகத் தடகளச் சம்மேளனமும் வழக்கைக் கைவிட்டது.

நாம் ஓட்டக்காரர்கள் இல்லைதான். ஆனால் காலையில் வீட்டிலேயே சிறுநீரைப் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, பசியாறிவிட்டு, பத்து மணிக்கு மேல் கிளினிக்கில் கொடுப்பவர்கள் நம்மில் ஏராளம். அதுவரை போத்தல் இருந்த இடம், வெயிலில் நிறுத்திய காருக்குள்.

சிறுநீர் வெளியேறும்போது தோலிலுள்ள கிருமிகள் கொஞ்சம் அதில் சேர்ந்துவிடும். அவற்றுக்கு அது நல்ல சூப்பு. ஈ.கோலி கிருமி, எல்லாம் வாய்ப்பாக அமைந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நாம் அரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டரில் 1,000 கிருமிகள் இருந்தால், நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டித்து 256,000 ஆகிவிடும். சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவரும் எல்லை 100,000. 1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் வகுத்தது அது. ஆக, தொற்றே இல்லாத கர்ப்பிணிக்கு, தாமதத்தின் காரணமாகவே தொற்று இருப்பதாக முடிவு வந்து, தேவையில்லாத நோய்க்கொல்லி மருந்தும் கொடுக்கப்படலாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்து இன்னும் மோசம் என்பது என் எண்ணம். அங்கே இருக்கும் நோய் மறைந்துவிடுகிறது. இனிப்புநீர் உள்ளவரின் சிறுநீரில் இருக்கும் சர்க்கரையைக் கிருமிகள் தின்றுவிடும். அளவு குறைந்து காட்டும். மஞ்சள்காமாலையைக் காட்டிக்கொடுக்கும் பிலிருபின், வெளிச்சம் பட்டால் சிதையும். சில கிருமிகள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. (பராமரிப்பில்லாத பொதுக் கழிப்பறையில் மூக்கைத் துளைக்கிறதே, அதே நெடிதான்.) அதனால் சிறுநீர் காரமாகும்போது இரத்த அணுக்கள் வெடித்துச் சிதறும். சிறுநீரக நோய்க்குத் தடயமாக உருளை வடிவில் நீண்டு தெரியும் படிவங்களும் கரைந்துபோகும். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

இதனால்தான் இரண்டு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும், முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடங்கள் சொல்கின்றன. குளிரில் கிருமிகள் சாவதில்லை. பெருகாமல் முடங்கிக் கிடக்கும். பெரும்பாலான வழக்கமான சோதனைகளுக்கு 24 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கலாம்.

குளிருக்கும் ஒரு விலை உண்டு. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த சிறுநீர் கலங்கி, அடியில் இளஞ்சிவப்பாகப் படிந்திருப்பதைக் கண்டு இரத்தமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது யூரேட் உப்பு, சூடேறினால் கரைந்துவிடும். சோதனைத் தாளில் சர்க்கரையைக் காட்டும் நொதி குளிரில் மெதுவாக வேலை செய்வதால், மாதிரியை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகே தாளை நனைப்பார்கள்.

‘குளிர் நல்லது என்றால் ஐஸ் கட்டும் தட்டில் வைத்தால் இன்னும் நல்லதுதானே’ என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். உறைந்தால் அணுக்கள் உடையும். சிறுநீரகப் பாதிப்பை முதலில் காட்டிக்கொடுக்கும் ஆல்புமின் புரதமும் ஓரளவு திரிந்து படிந்து, அளவு குறைந்து தெரியலாம்.

கிருமிச் சோதனைக்குத் தரும் சில குழாய்களின் அடியில் வெள்ளைத் தூள் இருக்கும். போரிக் அமிலம் அது. கிருமிகளின் எண்ணிக்கையை அப்படியே பிடித்து வைக்கும். அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். குழாயில் போட்டிருக்கும் கோடு வரை சிறுநீரை நிரப்புங்கள். குறைவாக ஊற்றினால் அமிலம் அடர்த்தியாகி, இருக்கும் கிருமிகளையும் வளரவிடாமல் செய்துவிடும்.

முடிந்தால் மாதிரியைக் கிளினிக்கிலேயே கொடுங்கள். காலையின் முதல் சிறுநீர்தான் வேண்டும் என்றால், மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ் பொட்டலத்தோடு கொண்டுபோங்கள். பிடித்த நேரத்தைப் போத்தலில் எழுதுங்கள். தாமதமாகிவிட்டால் முகப்பில் இருப்பவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். புதிதாக ஒரு போத்தல் தருவார்.